எலும்பில் பொருத்தப்படும் செயற்கைக் காலின் தளர்வும் இயக்குநீர்ச் சிகிச்சையும்

எலும்பில் பொருத்தப்படும் செயற்கைக் கால் என்பது, கால் துண்டிக்கப்பட்ட ஒருவரின் எஞ்சிய எலும்புக்குள் உலோகத் தண்டு ஒன்றைப் பதித்து, அதன் மறுமுனையைத் தோல் வழியே வெளியே கொணர்ந்து, அம்முனையில் நேரடியாக மாட்டப்படும் செயற்கைக் கால் ஆகும். பதிக்கப்படும் உலோகப் பகுதி உள்வைப்பு எனப்படும். உள்வைப்பும் உயிருள்ள எலும்பும், இடையில் வேறு திசு இன்றி நேரடியாகப் பிணைவதை எலும்பு ஒருங்கிணைவு என்பர். இப்பிணைப்பு உண்டாகாமல் போவதும், உண்டான பின்னர் நெகிழ்ந்து விடுவதும் தளர்வு எனப்படுகின்றன. எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் பாராதைராய்டு இயக்குநீரைக் கொண்டு இத்தளர்வைத் தடுக்க முடியுமா என்பது எலும்பு மருத்துவத்திலும் உயிரிமருத்துவப் பொறியியலிலும் ஆராயப்பட்டு வரும் வினாவாகும்.

பின்னணி

வழக்கமான செயற்கைக் கால், சாக்கெட்டு எனப்படும் கிண்ண வடிவ உறையின் வழியாக உடலுடன் இணைகிறது. எஞ்சிய காற்பகுதியை இவ்வுறைக்குள் நுழைத்துக் கொண்டு நடக்க வேண்டும். உலகெங்கும் அறியப்பட்ட செய்ப்பூர் காலும் இவ்வகையினதே. இம்முறையில் உடலின் எடை முழுவதும் தோல், தசை ஆகியவற்றின் வழியாகவே எலும்பைச் சென்றடைகிறது. நடப்பதற்கான சுமையைத் தாங்கும்படி தொடைத் தோல் அமைந்ததன்று. ஆகவே வியர்வை, உராய்வுப் புண், வலி ஆகியவை பலருக்கு உண்டாகின்றன. எஞ்சிய தொடை மிகவும் குட்டையாக இருப்பின் உறை நிலைத்து நிற்பதே கடினம்.

இதற்கு மாற்றான வழி இசுவீடனில் தோன்றியது. பெர்-இங்வார் பிரோனெமார்க் என்னும் ஆய்வாளர் 1952-இல் முயல்களின் கால் எலும்பில் குருதியோட்டத்தை நுண்ணோக்கியால் காண்பதற்காகத் தைட்டானியத்தாலான சிறு கருவிகளைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்ததும் அவற்றைக் கழற்ற முயன்றபோது அவை எலும்புடன் ஒன்றிப்போயிருந்தன. எதிர்பாராத இந்நிகழ்வே எலும்பு ஒருங்கிணைவு என்னும் துறையின் தொடக்கம். 1965-இல் முதன்முறையாக ஒருவரின் தாடையில் தைட்டானியப் பல் உள்வைப்புகள் பொருத்தப்பட்டன. 1990-இல் கோத்தென்பர்க் நகரில் தொடை எலும்பில் இம்முறை கையாளப்பட்டது. பின்னர் அவருடைய மகனும் எலும்பு அறுவை மருத்துவருமான ரிக்கார்டு பிரோனெமார்க் இதனை வளர்த்தெடுத்தார். 1999-இல் வகுக்கப்பட்ட இவ்விசுவீடிய முறை ஓப்ரா எனப்படுகிறது. இதனை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இல் வரையறுக்கப்பட்ட பயன்பாட்டுக்கும், 2020 திசம்பரில் முழுமையாகவும் ஏற்றுக்கொண்டது. செருமனியின் லூபெக் நகரிலும் 1999 முதல் வேறொரு வகை உள்வைப்பு பயன்பாட்டில் உள்ளது.

இசுவீடிய முறையில் உள்வைப்பு மரைகள் கொண்ட திருகு வடிவினது. செருமானிய முறையில், நுண்துளைப் பரப்புடைய நீண்ட தண்டு எலும்பின் உட்குழலுக்குள் இறுக்கமாக அடித்துச் செருகப்படுகிறது. இரண்டுமே இறுதியில் ஒன்றையே நம்பியுள்ளன: எலும்பு வளர்ந்து வந்து உலோகத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

தளர்வு ஏன் ஏற்படுகிறது

இயந்திரம் ஒன்றில் நட்டு கழன்றால் மீண்டும் இறுக்கிவிடலாம். எலும்பில் பதித்த திருகை அவ்வாறு இறுக்க இயலாது. திருகைப் பற்றி நிற்கும் பொருள் இங்கு உயிருள்ளது. அது ஓயாமல் கரைக்கப்பட்டும் மீண்டும் கட்டப்பட்டும் வருகிறது. எலும்பழிக்கும் உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. எலும்பாக்கும் உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பை இடுகின்றன. எலும்பினுள் புதைந்து கிடக்கும் மூன்றாம் வகை உயிரணுக்கள் சுமையை உணர்ந்து இவ்விரண்டையும் நெறிப்படுத்துகின்றன. சுமை விழும் இடத்தில் எலும்பு தடிக்கிறது. சுமை விழாத இடத்தில் மெலிகிறது. செருமானிய மருத்துவர் யூலியசு வுல்ஃப் 1892-இல் வெளியிட்ட கருத்து இதுவே. அது இன்று வுல்ஃப் விதி என வழங்குகிறது.

தளர்வுக்கான காரணங்கள் பலவும் இவ்விதியிலிருந்தே கிளைக்கின்றன. முதலாவது, கால் துண்டிக்கப்பட்டவரின் தொடை எலும்பு, அறுவைக்கு முன்னரே மெலிந்திருக்கும். சாக்கெட்டு உறையுடன் நடந்த ஆண்டுகளிலும், நடக்காமலே இருந்த ஆண்டுகளிலும் அவ்வெலும்பு போதிய சுமையைப் பெற்றிருக்காது. அதாவது, உறுதியான பிடிப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் இருப்பது வலுக்குன்றிய எலும்பு.

இரண்டாவது காரணம் நுண்ணசைவு. அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட அசைவு இருந்தால், அங்கு எலும்புக்கு மாறாக மென்மையான நார்த்திசுவே வளரும் என்று விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. இது ஓரிரு தலைமுடிகளின் தடிமன் அளவுதான். நார்த்திசு ஒருமுறை படிந்துவிட்டால் அசைவு மேலும் கூடும்; அசைவு கூடக்கூட நார்த்திசுவும் கூடும்.

மூன்றாவது, பொறியியலாளர்கள் தகைவு மறைப்பு என அழைக்கும் விளைவு. கெட்டியான எலும்பின் மீள்தன்மைக் குணகம் ஏறத்தாழ 15 முதல் 20 கிகாபாசுக்கல். தைட்டானியத்தினுடையது சுமார் 110. கோபால்ட்-குரோமியக் கலப்புலோகத்தினுடையது 200-க்கும் மேல். எலும்பும் உலோகமும் இணையாகச் சுமை தாங்கும்போது, விறைப்பு மிகுந்த உலோகமே பெரும்பங்கைத் தாங்கிக்கொள்கிறது. துண்டிக்கப்பட்ட எலும்பின் கீழ்முனைக்குச் சுமை வந்து சேர்வதில்லை. சுமையிழந்த எலும்பு, வுல்ஃப் விதிப்படி, கரையத் தொடங்குகிறது. உள்வைப்பு நன்கு பிணைந்திருக்கும் நோயாளிகளிடமும் கீழ்முனை எலும்பு ஆண்டுகள் செல்லச் செல்ல மெலிவது எக்சு-கதிர்ப் படங்களில் தெரிவதற்கு இதுவே காரணம்.

இவற்றுடன் நோய்த்தொற்றும் சேரலாம். உலோகம் தோலைத் துளைத்து வெளிவருவதால் அத்துளை என்றும் முழுமையாக மூடுவதில்லை. இசுவீடனில் 51 நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்ட 55 உள்வைப்புகளைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஆய்வில், ஈராண்டு முடிவில் 92 விழுக்காடு உள்வைப்புகள் நிலைத்திருந்தன. அதில் மிகுதியாகக் காணப்பட்ட சிக்கல் தோல்துளையில் ஏற்படும் மேலோட்டமான தொற்றே. அது பெரும்பாலும் மருந்தால் தீரக்கூடியது. தளர்வு அதைக்காட்டிலும் அரிது. ஆனால் தளர்ந்த உள்வைப்பை அகற்றியே ஆக வேண்டும். அகற்றும்போது எலும்பும் இழக்கப்படுகிறது. எஞ்சியிருப்பது குட்டையான தொடை என்றால் மறுமுறை பதிக்கப் போதிய எலும்பு இல்லாமலும் போகலாம். தளர்ந்த பின் சரிசெய்வதைவிட, தளராமல் காப்பதில் ஆய்வாளர்கள் நாட்டம் கொள்வது இதனால்தான்.

பாராதைராய்டு இயக்குநீர்

கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறம் பெரும்பாலும் நான்காக அமைந்துள்ள சிறு சுரப்பிகள் பாராதைராய்டு சுரப்பிகள் ஆகும். இவை முதலில் கண்டறியப்பட்டது மனிதரில் அன்று. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1849-இல் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன் அதில் இச்சுரப்பியைக் கண்டார். மனிதரில் இதனை 1880-இல் விவரித்தவர் இசுவீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த ஐவர் சாண்ட்சிட்ரோம்.

இச்சுரப்பிகளின் இயக்குநீர் 84 அமினோ அமிலங்களாலான புரதம். குருதியில் கால்சியத்தின் அளவு குறையும்போது இது சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை வெளிக்கொணர்கிறது. சுரப்பியில் கட்டி தோன்றி இயக்குநீர் இடைவிடாமல் மிகுந்து சுரந்தால் எலும்புகள் மெலிகின்றன. இவ்வளவையும் அறிந்த வாசகருக்கு, எலும்பைக் கரைக்கும் பொருளைக் கொண்டு எலும்பை எவ்வாறு வளர்ப்பது என்ற ஐயம் எழுவது இயல்பே.

விடை, அளவைக் காட்டிலும் கால இடைவெளியில் உள்ளது. இயக்குநீர் தொடர்ச்சியாக இருந்தால் எலும்பழிக்கும் உயிரணுக்கள் பெருகுகின்றன. நாளொன்றுக்கு ஒருமுறை சிறிது நேரம் மட்டும் உயர்ந்து, பின் தாழ்ந்துவிட்டால், எலும்பாக்கும் உயிரணுக்கள் முந்திக்கொள்கின்றன. அவற்றின் எண்ணிக்கை கூடுகிறது, ஆயுள் நீள்கிறது, எலும்பாக்கத்தைத் தடுக்கும் இசுகிளெரோசுட்டின் என்னும் புரதம் குறைகிறது. பின்னாளில் உளநெருக்கடி பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்ற ஆன்சு செலியே, இச்சுரப்பிச் சாற்றைச் சிறு அளவில் கொடுத்தால் எலிகளில் புதிய எலும்பு உருவாவதை 1932-இலேயே எழுதியிருந்தார். அக்கண்டுபிடிப்பு பல பத்தாண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1980-இல் எலும்புப்புரை நோயுற்ற 21 பேரிடம் நடந்த பன்மைய ஆய்வு அதற்கு மீண்டும் உயிரூட்டியது.

மருந்தாகப் பயன்படுவது இவ்வியக்குநீரின் முதல் 34 அமினோ அமிலங்களை மட்டும் கொண்ட துண்டு. இதன் பெயர் தெரிபாராடைடு. நாள்தோறும் 20 மைக்ரோகிராம், தோலடி ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். உடலில் இதன் அரைவாழ்வு ஏறத்தாழ ஒரு மணிநேரமே. மேலே கூறிய கால இடைவெளி இதனால் தானாகவே கிடைத்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற 1637 பெண்களிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், இவ்வளவு மருந்து பெற்றவர்களிடம் புதிய முதுகெலும்பு முறிவுகள் 65 விழுக்காடு குறைந்தன. 2002-இல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கான மருந்தாக இது ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் பல நிறுவனங்களின் தயாரிப்பாக இது கிடைக்கிறது.

ஆய்வுச் சான்றுகள்

உள்வைப்புகளைப் பொறுத்தவரை முதற்சான்றுகள் விலங்குகளிலிருந்தே வந்தன. இசுவீடனின் பெர் அசுபென்பெர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் கால் எலும்பில் எஃகுத் திருகுகளைப் பொருத்தி, ஒரு பகுதி எலிகளுக்கு இவ்வியக்குநீரை இடைவெளிவிட்டுக் கொடுத்தனர். மருந்து பெற்ற எலிகளில் திருகைக் கழற்றத் தேவையான முறுக்குவிசை கூடியது. தென்மார்க்கில் நாய்களில் நடந்த ஆய்வுகளில், உள்வைப்பைச் சுற்றி வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளியை எலும்பு நிரப்புவது மேம்பட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015-இல் முயல்களைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு, நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. இயக்குநீர், இயந்திரச் சுமை ஆகிய இரண்டும் உள்வைப்பைச் சூழ்ந்த எலும்பை வளர்க்கின்றன என்று அது காட்டியது. செயற்கைக் கால் பொருத்தப்பட்டவர் எவ்வாறும் சுமையேற்றிப் பயிற்சி பெறப்போகிறவர் என்பதால் இம்முடிவு கவனத்துக்குரியது.

மனிதரில் கிடைத்துள்ள சான்றுகள் வாயிலிருந்தும் முதுகிலிருந்தும் வருகின்றன. பல்லீறு நோயால் தாடையெலும்பு அரிக்கப்பட்ட 40 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், அறுவையுடன் ஆறு வாரங்கள் தெரிபாராடைடு பெற்றவர்களிடம் ஓராண்டின் பின் எலும்புக் குறை கூடுதலாக நிரம்பியிருந்தது. சப்பானில் 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு தளர்வையே நேரடியாக அளந்தது. எலும்புப்புரையுடன் முதுகெலும்பு இணைப்பு அறுவை செய்துகொண்ட 62 பெண்களிடம், முதுகெலும்பில் பொருத்திய திருகுகள் தளர்ந்த விழுக்காடு தெரிபாராடைடு பெற்றவர்களிடம் 7 முதல் 13. மருந்து பெறாதவர்களிடம் 15 முதல் 25.

இவற்றைக் காலுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதில் ஒரு தடை உண்டு. முதுகெலும்பின் உட்பகுதியும், மேற்கூறிய விலங்கு ஆய்வுகள் பலவற்றில் உள்வைப்பு அமர்ந்திருந்த இடமும் பஞ்செலும்பு. துண்டிக்கப்பட்ட தொடையின் நடுத்தண்டில் உள்வைப்பைப் பற்றி நிற்பது கெட்டி எலும்பு. தெரிபாராடைடு பஞ்செலும்பில் விரைந்தும் வலுவாகவும் செயற்படுகிறது. கெட்டி எலும்பில் அது தொடக்கத்தில் நுண்துளைகளைக் கூடுதலாக்கவும் செய்யும்; எலும்பின் தடிப்பு கூடுவது அதன் பின்னரே. திருகின் மரைகள் பற்றியுள்ள இடத்திலேயே துளைகள் பெருகினால் அது பிடிப்பை எவ்வளவு பாதிக்கும் என்பதே இத்துறையின் முதன்மையான பொறியியல் வினா எனலாம்.

காலப் பொருத்தம்

தெரிபாராடைடின் ஆக்கவிளைவு தொடக்க மாதங்களில் உச்சத்தில் இருக்கும். எலும்பாக்கம் முதலில் உயர்கிறது. எலும்பழிப்பு சில மாதங்கள் பிந்தி உயர்கிறது. இவ்விடைவெளியில்தான் எலும்பு நிகரமாகக் கூடுகிறது. பொதுவாக மொத்தச் சிகிச்சைக்காலம் ஈராண்டைத் தாண்டுவதில்லை. ஊசியை நிறுத்திய பின் வேறு மருந்து தராவிட்டால், சேர்ந்த எலும்பு படிப்படியாகக் குறைந்துவிடும்.

இசுவீடிய முறையில் அறுவை இரு கட்டங்களாக நிகழ்கிறது. முதற்கட்டத்தில் திருகு பதிக்கப்பட்டுத் தோல் மூடப்படுகிறது. ஏறத்தாழ ஆறு மாதங்களின் பின் இரண்டாம் கட்டத்தில் தோலைத் துளைக்கும் இணைப்புத் தண்டு பொருத்தப்படுகிறது. அதன்பின் நோயாளி குட்டையான பயிற்சிக் கால் ஒன்றை மாட்டி, சாதாரண எடை பார்க்கும் கருவியின் மீது ஊன்றிச் சுமையைப் பழகுகிறார். சுமார் 20 கிலோகிராமில் தொடங்கி வாரந்தோறும் 10 கிலோகிராம் அளவில் கூட்டுவது வழக்கம். வலி மிகுந்தால் வேகம் குறைக்கப்படும். எலும்பு மெலிந்தவர்களுக்கு இப்பயிற்சி இன்னும் மெதுவாக நடைபெறும்.

மருந்தின் உச்ச விளைவுக் காலத்தையும் இவ்வட்டவணையையும் ஒப்பிட்டால், முதற்கட்ட அறுவையை ஒட்டித் தொடங்குவதே பொருத்தம் எனத் தோன்றுகிறது. சுமையில்லாத அந்த ஆறு மாதங்களில் எலும்புக்கு இயந்திரத் தூண்டல் கிடையாது. இயக்குநீர் அதனை ஓரளவு ஈடுசெய்யலாம். மாறாக, பத்தாண்டுகள் கழித்துத் தகைவு மறைப்பால் வரும் மெலிவை ஈராண்டு மருந்தால் தடுக்க இயலாது. அது உள்வைப்பின் வடிவமைப்பில் தீர்க்க வேண்டிய சிக்கல்.

யாருக்குத் தரக்கூடாது

இச்சிகிச்சையின் மிகக் கடினமான பகுதி இதுவே. எலிகளுக்கு ஏறத்தாழ ஆயுள் முழுவதும் தெரிபாராடைடு கொடுத்த ஆய்வுகளில் எலும்புப் புற்றுநோய் தோன்றியது. மேலே குறிப்பிட்ட 1637 பெண்களின் ஆய்வு திட்டமிட்டதற்கு முன்னரே நிறுத்தப்பட்டதற்கும் இதுவே காரணம். மருந்து உறையில் கட்டமிட்ட எச்சரிக்கையும் இடம்பெற்றது. பின்னர் பல்லாண்டுக் கண்காணிப்பில் மனிதரிடம் அத்தகைய அதிகரிப்பு காணப்படாததால், 2020 நவம்பரில் அமெரிக்காவில் அக்கட்ட எச்சரிக்கை நீக்கப்பட்டது.

ஆயினும் ஏற்கெனவே எலும்புப் புற்றுநோய் இருந்தவர்கள், எலும்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், பேசெட்டு எலும்பு நோயுற்றவர்கள், வளர்ச்சி முற்றுப்பெறாத இளையோர் ஆகியோர் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பது இன்றும் மாறவில்லை. விபத்தை அடுத்து, இளவயதில் தொடையை இழப்பதற்கான காரணங்களுள் எலும்புப் புற்றுநோய் முக்கியமானது. நெடுங்காலம் வாழப்போகிற, எலும்பில் பொருத்தும் காலால் மிகுந்த பயன் பெறக்கூடிய அந்த இளைஞர்களுக்கே, தளர்வைத் தடுக்கும் இவ்வழி அடைபட்டுள்ளது. ஆகவே இச்சிகிச்சையின் பயனாளிகள் பெரும்பாலும் விபத்திலோ போரிலோ காலை இழந்தவர்களாகவே இருக்க முடியும்.

குமட்டல், தலைச்சுற்றல், கால் தசைப்பிடிப்பு, குருதியில் கால்சியம் சிறிதுநேரம் உயர்தல் ஆகியவை பிற பக்கவிளைவுகள். ஊசிமருந்தைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டியிருப்பதும் நாள்தோறும் குத்திக்கொள்ள வேண்டியிருப்பதும் நடைமுறைச் சுமைகள். அமெரிக்காவில் தெரிபாராடைடுக்கு உள்ள ஒப்புதல் எலும்புப்புரைக்கே உரியது. உள்வைப்புத் தளர்வைத் தடுக்க ஒரு மருத்துவர் இதனைத் தருவாராயின், அது ஒப்புதலுக்கு அப்பாற்பட்ட பயன்பாடாகும்.

பிற மருந்துகள்

பாராதைராய்டு இயக்குநீரை ஒத்த புரதத்தின் அடிப்படையில் உருவான அபாலோபாராடைடு 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; இதுவும் நாள்தோறும் போடும் ஊசியே. பிசுபாசுபோனேட்டு வகை மருந்துகள் இயக்குநீர்கள் அல்ல. அவை எலும்பழிப்பைத் தடுக்கின்றன. புதிய எலும்பைத் தூண்டுவதில்லை. தெரிபாராடைடை நிறுத்திய பின் சேர்ந்த எலும்பைக் காப்பதற்கு இவை பயன்படுகின்றன. இசுகிளெரோசுட்டினை முடக்கும் ரோமோசோசுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து 2019-இல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு ஒப்புதல் பெற்றது. இது மாதம் ஒருமுறை, பன்னிரண்டு மாதங்களுக்கு மட்டும் தரப்படுகிறது. முந்தைய ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இதனைத் தரக்கூடாது என மருந்து உறையில் எச்சரிக்கப்பட்டுள்ளது.